ஏசுதாசன் அண்ணாச்சியின் குடுவை

உமாதேவி தென்காசியில் ஒரு டாக்டர். ஆனால் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதித் தரத் தெரியாத டாக்டர். இதைத் தெருக்காரர்களுக்கு விளக்கி விளக்கி ஓய்ந்துபோய், இப்போதெல்லாம் யாராவது வந்து தொண்டையைக் காட்டினால் "வெந்நி குடிங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அவள் வாங்கிய பட்டம் ஆராய்ச்சிக்கானது. குற்றாலம் போகிற சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இரண்டு அறை ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒன்பது வருடமாக அவள் ஒரே ஒரு காரியத்தைச் செய்யப் பார்த்து, ஒன்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

காரியம் இதுதான். முதுகெலும்பின் அடியிலோ உச்சியிலோ வருகிற ஒரு புற்றுநோய் உண்டு. கார்டோமா என்று பெயர். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும். வருவது அபூர்வம் என்பதால் அதற்கு மருந்து தேடுகிறவர்களும் அபூர்வம். மருந்து தேட வேண்டுமென்றால் முதலில் அந்தப் புற்றுநோயின் செல்கள் உடம்புக்கு வெளியே, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் குடுவைக்குள் உயிரோடு வளர வேண்டும். மற்ற புற்றுநோய்ச் செல்களெல்லாம் ஓரிரு நாளில் இரட்டிப்பாகிவிடும். இது இரண்டு வாரம் யோசிக்கும். யோசித்துவிட்டு, பெரும்பாலும் செத்துப்போகும்.

மதுரையிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர்கள் சிலரிடம் சொல்லிவைத்திருந்தாள். வருடத்துக்கு இரண்டு பேர் அகப்பட்டால் அதிர்ஷ்டம். வெட்டியெடுத்த கட்டியில் சுண்டுவிரல் நகத்தளவு துண்டு, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில், பஸ் கண்டக்டர் கையில் வரும். லேப் டெக்னீஷியன் இசக்கிமணி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிவருவார். ஒருமுறை கண்டக்டர் மாறிப்போய், வல்லம் கோழிக்கடைக்காரரின் பெட்டி ஆய்வகத்துக்கும், ஆய்வகப் பெட்டி கோழிக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, கோழிக்கடைக்காரர் எதையும் திறந்து பார்க்காமல் விற்கிற ஆளில்லை.

அப்படி வந்த துண்டுகளில் பதினாலாவது, ஏசுதாசன் அண்ணாச்சியுடையது.

ஏசுதாசனுக்கு ஐம்பத்தெட்டு வயது. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் பழக்கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று மலைப்பழமாகக் குவித்து வைத்திருப்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் வால் எலும்பில் கட்டி வந்து மதுரையில் எடுத்தார்கள். அதிலிருந்து நடுவில் ஓட்டை விட்ட ரப்பர் மெத்தை இல்லாமல் அவரால் உட்கார முடியாது. போகிற இடத்துக்கெல்லாம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போவார்.

துண்டைக் கொடுத்தவர்களெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மறந்துவிடுவது வழக்கம். அண்ணாச்சி மறக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, கையில் ஒரு கிலோ பழத்தோடு, ஆய்வகத்து வாசலில் வந்து நிற்பார்.

"டாக்டரம்மா, நம்ம ஆளு எப்பிடி இருக்கான்?"

"இருக்கான் அண்ணாச்சி."

"சாப்பிடுதானா?"

"சாப்பிடுதான். வளரத்தான் மாட்டேங்குதான்."

"எனக்குள்ள இருக்கும்போது நல்லாத்தானே வளந்தான், சவத்துப்பய."

பிறகு மெத்தையைப் போட்டு உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். செல்லுக்குள் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக இருக்கும். கார்டோமாவுக்கு அதுதான் அடையாளம். அண்ணாச்சிக்கு அந்தக் குமிழ்களைப் பார்ப்பதில் ஒரு திருப்தி. தன்னை மூன்று மாதம் குப்புறப் படுக்க வைத்தவன் இவ்வளவு சின்னவன்தானா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியப்படுவார். உமாதேவிக்கு அவர் வருகிற நாள் நல்ல நாள். ஒன்பது வருடத்தில் அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றி அக்கறையாகக் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பதினாலாம் எண் குடுவை மூன்று வருடம் உயிரோடு இருந்ததே பெரிய சங்கதி. பாதி பிறந்தால் பாதி செத்தது. குடுவையின் தரையில் கால்வாசிக்கு மேல் அது பரவியதே கிடையாது. அப்படியிருக்க, போன வருடம் அருவி சீசன் சமயத்தில், ஆகஸ்ட் மாதம் முதல் திங்கட்கிழமை, இசக்கிமணி இன்குபேட்டரைத் திறந்து குடுவையை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"மேடம், இங்கன வந்து பாருங்க. ரொம்பிட்டு."

உமாதேவி பார்த்தாள். குடுவை முழுக்கச் செல். தரையில் இம்மியளவு இடமில்லாமல் பாய் விரித்தாற்போல் நிறைந்திருந்தது. நாற்பத்துநாலு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், ஆய்வகத்துக்குள் இசக்கிமணியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். இசக்கிமணியும் குதித்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு.

இந்த இடத்தில் அவள் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு, குடுவையில் இருப்பது யாருடைய செல் என்று அடையாளச் சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அவள் செய்தது என்னவென்றால், அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

அண்ணாச்சி போனில் "ஸ்தோத்திரம்" என்றார். பிறகு கடையில் நின்ற அத்தனை பேருக்கும் தலைக்கு ஒரு ரம்புட்டான் இலவசமாகக் கொடுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் குற்றாலம் பஜார் முழுக்கச் செய்தி பரவியது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி நிர்வாகி கைலாசத்துக்கு வியாபாரிகள் சங்கத்திலிருந்து போன் வந்தது. கைலாசம் பழைய பண்ணை வீட்டு மனிதர், நல்லவர், பாராட்டு விழா என்றால் வேண்டாமென்று சொல்லத் தெரியாதவர். பதினேழாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் டாக்டரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவானது.

அந்த வாரமே வியாழக்கிழமை வேலைக்கு வரும் வழியில் உமாதேவி வண்டியை நிறுத்திவிட்டாள். சாலையோரம் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ். ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி. நடுவில் மைக்ராஸ்கோப். கீழே, 'உலகமே வியக்கும் செல்லை உலகுக்கு அளித்த எங்கள் அண்ணன் ஏசுதாசன் அவர்களே' என்று எழுதியிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. அதை இல்லையென்று சொல்வதற்கில்லை.

அன்று மதியம்தான் நிதானமாக உட்கார்ந்து குடுவையைப் பார்த்தாள். செல் இருந்தது. குமிழைக் காணோம். ஒரு செல்லில்கூட இல்லை. எல்லாம் வழுவழுவென்று, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, அவசர அவசரமாக இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.

"இசக்கியண்ணே, இது நம்ம ஆளு மாதிரி இல்லயே."

"வளந்துட்டாம்லா மேடம். வளந்தா முகம் மாறத்தான் செய்யும்."

அவளும் அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டாள். இருந்தாலும் அன்றைக்கே கொஞ்சம் செல்லை ஹைதராபாத்துக்கு அனுப்பினாள். மூன்று வருடத்துக்கு முன் எடுத்து ஃபிரீசரில் வைத்திருந்த அண்ணாச்சியின் ரத்தத்தையும் கூடவே அனுப்பினாள். இரண்டும் ஒரே ஆளுடையதா என்று டி.என்.ஏ. சொல்லிவிடும்.

அடுத்த வாரம், விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. இசக்கிமணி அவள் தோளுக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டரில் படித்தார்.

"மேடம், இதுல பொம்பளன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அண்ணாச்சி பொம்பள இல்லயே."

"இல்லண்ணே."

உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கிற ஒரு செல் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு பெண்ணின் புற்றுநோயிலிருந்து எடுத்தது. எதற்கும் சாகாது, எங்கே விழுந்தாலும் வளரும், ஒரு சொட்டுத் தெறித்தால் போதும், பக்கத்துக் குடுவையைப் பிடித்துத் தனதாக்கிக்கொள்ளும். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க அதில் ஒரு குடுவை இந்த ஆய்வகத்திலும் இருந்தது. அதுதான் அண்ணாச்சியின் குடுவைக்குள் குடியேறி, மூன்று வருடம் பாடுபட்டுப் பிழைத்துக் கிடந்தவனைத் துரத்திவிட்டு நிறைந்திருந்தது.

யார் செய்த தப்பு என்று பார்க்க உமாதேவி பதிவேட்டைப் புரட்டினாள். உள்ளுக்குள் இசக்கிமணியைத் திட்டத் தயாராகத்தான் இருந்தாள். 'ஒரு நேரத்தில் ஒரு குடுவை, ஒரு குடுவைக்கு ஒரு பாட்டில்' என்று சிவப்பு மையில் அவளே எழுதி ஒட்டிய தாள் சுவரில் இருந்தது. ஜூலை பதிமூன்றாம் தேதியில் பதினாலாம் எண்ணுக்கும் பயிற்சிக் குடுவைக்கும் ஒரே நேரம் போட்டிருந்தது. செல்லுக்கு உணவாக ஊற்றும் மீடியம் பாட்டிலின் எண்ணும் இரண்டுக்கும் ஒன்றே. கையெழுத்து அவளுடையது.

அந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. தென்காசிக்காரர்களுக்குச் சொந்தபந்தம் எவ்வளவு என்பது சாரல் விழும்போதுதான் தெரியும். அன்றைக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் பதினோரு பேர் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, பதினோரு மணிக்கு மேல் கூட்டம் தாங்காது என்று வேனை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி அவளுடைய புருஷன் கோமதிசங்கர் ஹாரன் அடித்தான். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. "அத்தை, சீக்கிரம்" என்று குழந்தைகள் வேறு. அரைமணி நேர வேலையை எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடினாள். இரண்டு குடுவையையும் ஒன்றாகத் திறந்து, ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றினாள். அருவியில் நன்றாகக் குளித்தாள். அதுவும் நினைவு வந்தது.

உமாதேவி பதிவேட்டை மூடிவைத்துவிட்டு அழுதாள். இசக்கிமணி போய் இரண்டு டீ வாங்கிவந்தார். டீயைக் குடித்து முடித்ததும், சிவப்பு மைத் தாளைச் சுவரிலிருந்து எடுத்து, அதன் கீழே 'இது டாக்டருக்கும் பொருந்தும்' என்று எழுதி மறுபடி ஒட்டச் சொன்னாள். இசக்கிமணி மறுத்துப் பார்த்தார். பிறகு ஒட்டினார்.

கைலாசம் செய்தியைக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒங்களுக்கு ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிருவோம்மா. விழாவத் தள்ளிப் போட்டுருவோம். பொறவு ஜனம் மறந்துரும்."

"அண்ணாச்சி மறக்க மாட்டாக சார்."

"அப்ப அவருகிட்ட மட்டும் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் அண்ணாச்சி கடைக்குப் போனாள். மூன்று தடவை வாயைத் திறந்தாள். முதல் தடவை ஒருவர் துரியன் என்ன விலை என்றார். இரண்டாவது தடவை அருவியில் வெள்ளம் என்று எல்லாரையும் வெளியேற்றியதால் ஈரத்துணியோடு ஒரு கூட்டம் கடைக்குள் ஒதுங்கியது. மூன்றாவது தடவை அண்ணாச்சியே, "டாக்டரம்மா, நாளைக்குப் போட ஒரு சட்ட தச்சிருக்கேன், பாக்கியளா" என்று பையைப் பிரித்துக் காட்டினார். தும்பைப்பூ வெள்ளையில் சட்டை. அவர் முகத்தைப் பார்த்தபோது கொஞ்சம் மெலிந்தாற்போல் இருந்தது. சீசன் அலைச்சல் என்று நினைத்துக்கொண்டாள். சட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

சனிக்கிழமை சங்கக் கட்டடம் நிறைந்துவிட்டது. தகரக் கூரையில் சாரல் சடசடத்தது. எண்ணெய்க்கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், மசாஜ் செய்கிறவர்கள், பத்திரிகைக்காரர் ஒருவர். முன்வரிசையில் அண்ணாச்சி புதுச் சட்டையில், மெத்தைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைலாசம் மேடையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு சங்கத் தலைவர் ஒலி முகம்மது பக்கத்தில் வந்தபோது உமாதேவி எழுந்து மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இத எனக்குப் போடாதீங்க. நான் சொல்லுதத மொதல்ல கேளுங்க."

சொன்னாள். குடுவையில் வளர்ந்தது அண்ணாச்சியின் செல் இல்லை. வேறொரு செல் கலந்துவிட்டது. கலந்தது தன் கையால்தான். எதனால் என்றால், அருவிக்குப் போகிற அவசரம்.

"ஒம்பது வருஷமா வளரல. இப்பவும் வளரல. அண்ணாச்சி மூணு வருஷமா மாசந்தவறாம வந்து பாத்த செல்ல நான் எட்டு நிமிஷத்துல தொலச்சுட்டேன். சோதிச்சுப் பாக்காம ஒங்ககிட்ட சொன்னதும் என் தப்பு. திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எப்ப முடியும்னு எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் பின்னால் யாரோ ஒருவர், "அருவிக்குப் போற அவசரம்னா நம்மூர்ல யாருக்குத்தான் இல்ல" என்றார். ஒரு சிலர் சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

ஏசுதாசன் மெதுவாக எழுந்தார். மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடை ஏறினார். மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"நானும் ஒண்ண மறச்சு வச்சிருக்கேன்" என்றார். "விழா முடியட்டும்னு இருந்தேன். போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்க. அவன் திரும்ப வந்துட்டான். அதே எடத்துல. வார புதன்கிழம மதுரையில ஆப்பரேசன்."

உமாதேவிக்கு ஒலி முகம்மது நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து நீங்க கடைக்கு வந்து மூணு மட்டம் வாயத் தொறந்தியளே, நான் பாத்தேன். ஒங்களுக்குத் தெரிஞ்சு போயிட்டோன்னு நெனச்சுத்தான் சட்டயக் காட்டிப் பேச்ச மாத்துனேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "தொலஞ்சா என்ன? எங்கிட்ட ஸ்டாக்கு இருக்கு. புதன்கிழம புதுத் துண்டு வரும்."

முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மனிதர் தனக்குப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று சொன்னால் கைதட்டலாமா கூடாதா என்று எந்த ஊரிலும் முறை வகுத்து வைக்கவில்லை. ஒரு ஓட்டல்காரர் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒலி முகம்மதுவுக்கு விரித்த பொன்னாடையை மடித்துப் பழக்கமில்லை. அதை உமாதேவியின் தோளிலும் அண்ணாச்சியின் தோளிலும் சேர்த்துப் போட்டுவிட்டார். உமாதேவி அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வந்தது. பத்திரிகைக்காரர் செய்தியைச் சரியாக எழுதியிருந்தார். டாக்டரின் பெயரைத்தான் ரமாதேவி என்று போட்டுவிட்டார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. அண்ணாச்சி பிழைத்தார். புதன்கிழமை ராத்திரி பஸ்ஸில் பெட்டி வந்தது. இந்தத் தடவை இசக்கிமணி மதுரைக்கே போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தானே வந்தார். இந்தத் துண்டுக்கு எழுதிய எண் இருபது.

பயிற்சிச் செல்லை மொத்தமாகக் கொதிக்கவைத்து அழித்தாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேறு கட்டடத்தில் இடம் ஏற்பாடு செய்தாள். பழைய பதினாலாம் எண்ணிலிருந்து முன்பு எடுத்து உறையவைத்திருந்த இரண்டு குப்பிகளை எழுப்பிப் பார்த்தாள். இரண்டும் மூன்றாவது வாரத்தில் செத்தன. இருபதை நான்கு குடுவையாகப் பிரித்தாள். ஒன்றில் பூஞ்சை வந்தது. ஒன்றில் சாதாரணத் திசு வளர்ந்து மூடியது. இரண்டு மிச்சம். அவற்றில் ஒன்று நாலாவது மாதம் நின்றுபோனது. கடைசிக் குடுவையில் ஓர் ஓரத்தில், முந்நூறு செல் இருக்கும், குமிழோடு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை யோசித்துக்கொண்டு கிடந்தது. அவள் அதை அவசரப்படுத்தவில்லை. திங்களும் வியாழனும் பழைய மீடியத்தைப் பாதி எடுத்துப் புதியதைப் பாதி ஊற்றினாள். பதிவேட்டில் எழுதினாள். 'மாற்றம் இல்லை' என்று எழுதுகிற நாளிலும் நேரம் போட்டு, பாட்டில் எண் போட்டு, கையெழுத்துப் போட்டாள். இப்படியே பத்து மாதம் போயிற்று.

மறு வருடம் ஜூனில் சாரல் விழுந்தது. நாத்தனார் குடும்பம் இந்தத் தடவை பதிமூன்று பேர். வேன் வாசலில் ஹாரன் அடித்தது. இசக்கிமணி வெளியே போய், மேடத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் ஆகும், ஹாரன் அடித்தால் ஐம்பது நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்தார். நாத்தனார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பரோட்டா வாங்கிக்கொடுத்ததும் சரியாகிவிட்டது.

ஜூலையில் குடுவை பாதி நிறைந்தது. யாருக்கும் போன் போடவில்லை. ஹைதராபாத்துக்கு அனுப்பினாள். பதில் வருகிறவரை இசக்கிமணியிடம்கூட வளர்ச்சியைப் பற்றிப் பேசவில்லை. பதில் வந்தது. ஆண். ரத்தத்தோடு எல்லா இடத்திலும் பொருந்துகிறது. சந்தேகம் தீர, வேறோர் ஆய்வகத்துக்கும் அனுப்பினாள். அவர்களும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பொறுத்து, குடுவை ஒன்பதானதும், முப்பது குப்பியை உறையவைத்து, அதில் பாதியை வேறு ஊரில் பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம்தான் குற்றாலத்துக்குப் போனாள்.

சீசன் முடிந்து பஜார் ஓய்ந்திருந்தது. அண்ணாச்சி கடையில் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். இப்போது அவரால் மெத்தை போட்டும் அதிக நேரம் உட்கார முடியாது. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் யாருக்கும் பழம் கொடுக்கவில்லை. "நெசமாவா" என்று மட்டும் கேட்டார். "நெசமா" என்றாள்.

"ரெண்டு எடத்துல பாத்தாச்சா?"

"பாத்தாச்சு அண்ணாச்சி."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பிவிட்டார்.

ஆய்வகத்தில் இசக்கிமணி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். பணியாரச் சட்டி போல வரிசையாகக் குழிகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் அண்ணாச்சியின் செல். அவர் நின்றபடியே குனிந்து மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். குமிழ்களை எண்ணுகிறாரோ என்னவோ, உதடு அசைந்தது.

"நல்லா வளந்திருக்கான்" என்றார். "அடுத்து என்ன செய்வியளம்மா?"

"ஒவ்வொரு குழியிலயும் ஒவ்வொரு மருந்து ஊத்துவோம் அண்ணாச்சி. எதுல சாவுதுன்னு பாக்கணும்."

அண்ணாச்சி தலையைத் தூக்கினார்.

"கொல்லவா? பத்து வருஷம் சோறு போட்டு வளத்தது கொல்லுததுக்கா?"

"ஆமா அண்ணாச்சி. அதுக்குத்தான்."

இதை அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். கையெழுத்து வாங்கின தாளில்கூட இருக்கிறது. ஆனால் இத்தனை காலம் வளர வேண்டுமே வளர வேண்டுமே என்று இரண்டு பேரும் சேர்ந்து தவித்ததில், எதற்காக வளர வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. உமாதேவிக்கே கொஞ்சம் மறந்துதான் போயிருந்தது. அவருடைய அடுத்த ஸ்கேன் டிசம்பரில். அந்த இடத்தில் இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் மறுபடி குனிந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு கம்பை ஊன்றி நிமிர்ந்து, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே சுவரோரம் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டார்.

"மொத மருந்துல சாவலன்னா?"

"ரெண்டாவது இருக்கு."

"அதுலயும் சாவலன்னா?"

"மூணாவது. தட்டுல இருவத்துநாலு குழி இருக்கு அண்ணாச்சி. அது முடிஞ்சா அடுத்த தட்டு."

"இன்னைக்கே தெரிஞ்சிருமா?"

"தெரியாது. இவன் எதையும் மெதுவாத்தான் செய்வான். வாரக் கணக்காவும்."

அண்ணாச்சி தலையாட்டினார்.

"ஆவட்டும். கடைய மச்சான் பாத்துக்கிடுவான். நீங்க ஊத்துங்க, நான் பாக்கேன்."